செவலையனின் பின்னங்கால்

போனுக்கு நேரங்காலம் தெரியாது. மூன்று வருஷம் பிள்ளையைப் போல வளர்த்த காளையை முதன்முதலாக மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிடப் போகிற நேரம் பார்த்துத்தான், சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று அது முத்துமீனாவிடம் சொன்னது. வற்றிய கண்மாய்க்குள் சனம் விசிலடித்துக்கொண்டிருந்தது. அவள் கணவன் அருண்பாண்டி செவலையனின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எடுக்கிறியா இல்லியா புள்ள, இதுக்கு மேல இவன் நிக்க மாட்டான்" என்றான்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். முத்துமீனா பதறினாள். கேலரியைத் திறந்து முதல் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவா என்றது, தேர்ந்தெடுத்தாள். அழிக்கவா என்றது, அழித்தாள். அப்போதும் இடமில்லை. அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது, அதையும் காலி செய்தால்தான் இடம் வரும் என்றது. நிரந்தரமாக அழிக்கவா என்று கடைசியாக ஒருமுறை மரியாதையாகக் கேட்கவும் செய்தது. ஆமாம் என்று அழுத்தினாள். தினமும் விடிந்ததும் வந்து குவிகிற ரோஜாப்பூ வணக்கங்களையும், சொந்தக்காரர்கள் அனுப்பிய காதுகுத்து வீடியோக்களையும் மட்டும் அழித்திருந்தாலே பாதிப் போன் காலியாகியிருக்கும். இப்போது உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது சுலபம்.

அப்படி இடம்பிடித்து எடுத்த வீடியோவில் ஒரு செவலை முதுகும் நிறையப் புழுதியும்தான் இருந்தன. செவலையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கரையேறி, கருவேலங்காட்டுக்குள் போய் மறைந்தான்.

அவிழ்த்துவிட்ட மாடு தானாக வீடு திரும்பும். திரும்பாவிட்டால் பக்கத்து ஊரில் யாராவது பிடித்துக் கட்டிவைத்துச் சொல்லியனுப்புவார்கள். காலங்காலமாக அதுதான் வழக்கம். செவலையன் திரும்பவுமில்லை, யாரும் சொல்லியனுப்பவுமில்லை. இரண்டு நாள் கருவேலங்காட்டில் தேடி அருண்பாண்டியின் கையும் காலும் முள்ளால் கீறிப்போயின. மூன்றாம் நாள், அழகர்மலை அடிவாரத்தில் விருமாண்டி என்கிற மாட்டுத் தரகரின் மாந்தோப்புக்குள் ஒரு செவலைக் காளை கட்டிக்கிடப்பதாகத் தகவல் வந்தது. அருண்பாண்டி ஊர்க்காரர்கள் நாலைந்து பேரோடு போனான். இது நான் வாங்கி வளர்த்த மாடு என்று விருமாண்டி வழிமறித்தார். பேச்சு முற்றிக் கைகலப்பானதும் போலீஸ் வந்து, மாட்டையும் மனுஷர்களையும் சேர்த்து ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனது.

முத்துமீனா ஸ்டேஷனுக்கு ஓடி வந்தபோது செவலையன் வேப்பமரத்தடியில் படுத்துக்கிடந்தான். எல்லோரும் உள்ளே வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாட்டு டாக்டர் வந்து, சேறும் ரத்தமும் அப்பியிருந்த இடது பின்னங்காலைக் கழுவிக் கட்டுப் போட்டு, ஊசியும் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஊசியில் கிறங்கிப்போன செவலையன் அவள் கூப்பிட்ட குரலுக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை. காதில் அரசாங்கம் மாட்டிய மஞ்சள் வில்லையைக் காணோம். அது இருந்த இடத்தில் காது கிழிந்திருந்தது. முள்ளில் மாட்டிக் கிழிந்ததா, ஆள் கிழித்ததா என்பது விருமாண்டிக்குத்தான் தெரியும்.

எஸ்.ஐ. ஒரு பெண். சென்னைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, பொய்யைப் பற்றி ஓரளவு தெரியும்.

"ரெண்டு பேருமே ஊரைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்றீங்க. தலையை எண்ணி மாட்டைக் கொடுக்க முடியாது. போட்டோ இருக்கா?" என்றார்.

விருமாண்டி உடனே தன் போனை நீட்டினார். அதில் ஒரு செவலைக் காளை தூரத்தில் நின்றது. மதுரையைச் சுற்றிச் செவலைக் காளைக்கா பஞ்சம்? ஆனாலும் அது படம். அவர் கையில் படம் இருந்தது.

முத்துமீனா கேலரியைத் திறந்தாள். அந்த ஒற்றை வீடியோ மட்டும் இருந்தது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

"படம் இருந்துச்சு மேடம். கன்னுக்குட்டியில இருந்து எம்புட்டோ படம் இருந்துச்சு. அன்னைக்கு வீடியோ எடுக்க எடமில்லன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"கேட்டுக்கங்க மேடம்," என்று விருமாண்டி சிரித்தார். "பெத்த பிள்ள மாதிரி வளத்தாகளாம். பெத்த பிள்ள படத்த யாராச்சும் அழிப்பாகளா?"

"வேற யாருக்காவது அனுப்பியிருப்பீங்களே?" என்றார் எஸ்.ஐ.

முத்துமீனா இல்லையென்று தலையாட்டினாள். அருண்பாண்டியிடம் இருப்பது பட்டன் போன். மற்றவர்களுக்கு அவள் ஒரு படமும் அனுப்பியதில்லை. கண்பட்டுவிடும் என்பது வெளியில் சொல்கிற காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

எஸ்.ஐ. அவள் போனை வாங்கிப் பார்த்தார். மேலே ஓர் அறிவிப்பு நின்றது. கணக்கில் மீண்டும் உள்நுழையுங்கள் என்கிற அந்த அறிவிப்பை முத்துமீனா ரொம்ப நாளாக ஈயை விரட்டுவதுபோல விரலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மருது செல்போன்ஸ்னு ஒரு ஜிமெயில் போட்டிருக்கே, யார் இது?"

"போன் வாங்குன கடை மேடம். அந்தத் தம்பிதான் எல்லாம் போட்டுக் குடுத்துச்சு."

"உங்க போட்டோவெல்லாம் இந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தா, போன்ல அழிச்சது அங்க இன்னும் இருக்கலாம். பாஸ்வேர்டு என்ன?"

முத்துமீனா விழித்தாள். பாஸ்வேர்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைக்காரப் பையன் போனைப் பிரித்து, ஏதோ தட்டி, இந்தாங்கக்கா என்று கையில் கொடுப்பான். அதோடு சரி.

எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குமேல ஸ்டேஷன்ல மாட்டைக் கட்டிவச்சுத் தீனி போட முடியாது. போட்டோ வச்சிருக்கவர்கிட்ட எழுதி வாங்கிட்டு ஒப்படைச்சிடுவேன்."

வாசலில் விருமாண்டியின் லோடு வண்டி பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. கால் போன காளையை இனி எவனும் களத்தில் இறக்க வாங்க மாட்டான். நொண்டி மாடு போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அடிமாட்டு வண்டி ஏறினால் செவலையன் நாளை விடிவதைப் பார்க்க மாட்டான். முத்துமீனா மரத்தடியைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு ஓடினாள்.

மருது முன்பு மேலூரில் கடை வைத்திருந்தான். இப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறான். பஸ் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று ஆளை ஏற்றியது. பூ மார்க்கெட் பக்கம் போக்குவரத்து நெரிசலில் அசையவே இல்லை. முத்துமீனா பொறுக்கமாட்டாமல் நடுவழியில் இறங்கி, மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையில் நடந்தே போனாள்.

மருதுவுக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டதும் முகம் மாறியது.

"அதெல்லாம் பழைய ஐடிக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே பாஸ்வேர்ட மாத்திட்டேன். இப்ப நான் அத எடுக்கிறதே இல்ல."

"மாத்துனத எனக்குச் சொன்னியா?"

"எல்லாருக்கும் எப்படிக்கா சொல்றது?"

"எல்லாருக்கும்னா?"

மருது கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அவன் எதையோ மறைக்கிறான் என்று முத்துமீனாவுக்குத் தெரிந்தது.

"இங்க பாரு தம்பி. அஞ்சு மணிக்கு என் மாட்ட வண்டியில ஏத்திருவாக. நீ தொறந்து குடுத்தா நான் பாட்டுக்குப் போறேன். இல்லன்னா அந்த எஸ்.ஐ. அம்மாவே இங்க வரும். எது வேணும்னு நீயே சொல்லு."

மருது அவள் போனை வாங்கினான். தட்டினான். அவனுடைய போனுக்கு ஒரு எண் வந்தது, அதைப் பார்த்து இதில் போட்டான். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அவை அவளுடைய படங்கள் இல்லை. யாரோ ஒருவரின் ஆதார் அட்டை. யாருடைய வீட்டிலோ துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. யாரோ ஒருத்தி நைட்டியோடு கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படம். இன்னொருத்தியின் முதுகில் அடித்த தழும்பு. புருஷனுக்குத் தெரியாமல் யாரிடமாவது காட்ட எடுத்திருப்பாள். நடுநடுவே அவளுக்குத் தெரிந்த முகங்கள். கீழத்தெரு தங்கப்பொண்ணு. தங்கப்பொண்ணின் வயசுக்கு வந்த மகள்.

முத்துமீனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன பேருக்கு இதே கணக்கப் போட்டுக் குடுத்த?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு தினமும் வந்து நிப்பாகக்கா. அதான் எல்லாருக்கும் ஒரே ஐடி. சத்தியமா நான் ஒண்ணையும் பாக்கல."

பார்த்தானோ பார்க்கவில்லையோ, ஊர்ப் பெண்டுகள் அத்தனை பேர் வீட்டுச் சாவியும் இவன் மேசை டிராயரில் கிடந்திருக்கிறது. கன்னத்தில் ஒன்று வைக்கத்தான் கை வந்தது. மணியைப் பார்த்துவிட்டுக் கையை அடக்கிக்கொண்டாள்.

பழைய தேதிகளுக்குத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் செவலையன் வந்தான். கன்றுக்குட்டியாக, கொம்பு முளைக்காமல், வைக்கோலைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். பாஸ்வேர்டு மாறிய நாளோடு படங்கள் நின்றுபோயிருந்தன. அதற்குப் பிறகு அவன் காளையாக வளர்ந்தது ஒன்றுகூட இல்லை. இருந்த படங்கள் எல்லாவற்றிலும் வலது பக்கமாகவே நின்றான். இடது பின்னங்கால் எந்தப் படத்திலும் விழாதபடி பார்த்துப் பார்த்து எடுத்தவள் அவள்தானே.

இருப்பதிலேயே பழைய படத்துக்கு அடுத்ததில் அவள் விரல் நின்றது. அது ஒரு கால் மட்டும். கன்றின் இடது பின்னங்கால், குளம்புக்குச் சற்று மேலே, காலைச் சுற்றி வளையம் போட்டாற்போல மயிர்ச் சுழி. விலங்கு சுழி. அந்தச் சுழியுள்ள மாட்டை வைத்திருக்கிறவன் கையில் விலங்கு விழும், ஜெயிலுக்குப் போவான் என்பது மாட்டுக்காரர்களின் கணக்கு. அதனால்தான் அந்தக் கன்று வாங்க ஆளில்லாமல் சந்தையில் நின்றது. அதனால்தான் அது அவர்கள் கைக்கு எட்டியது. வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று, தன் அண்ணனுக்கு அனுப்பி இது விலங்கு சுழிதானா என்று கேட்கலாமென்று முத்துமீனா அதைப் படம் எடுத்தாள். அருண்பாண்டி பார்த்துவிட்டுப் பதறினான். "அழிச்சிரு. இது வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள இவனச் சேக்க மாட்டாக" என்றான். அவள் அந்த நிமிஷமே அழித்தாள். அவள் முதன்முதலில் அழித்த படம் அதுதான். போனில் அழிப்பதற்குள் அது மருதுவின் கணக்குக்குப் போய்விட்டிருக்கிறது.

தன்னுடையதை மட்டும் போனில் இறக்கிக்கொண்டாள். கிளம்பும்போது மருதுவிடம், "நாளைக்கு வாரேன். தனியா வர மாட்டேன். இதுல இருக்கிற ஒவ்வொருத்தியையும் கூட்டிட்டு வாரேன்" என்றாள். அவன் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டோவில் போகும்போது அருண்பாண்டியிடமிருந்து போன் வந்தது.

"வெரசா வா மீனா. வண்டிக்குள்ள வைக்கோலப் பரப்புறாக."

"கன்னுக்குட்டிப் படம் கிடைச்சிருச்சு மாமா." கொஞ்சம் தயங்கினாள். "அந்தக் கால் படமும் இருக்கு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "அத மட்டும் காட்டாத. மலையாண்டி அண்ணே இங்கதான் நிக்கிறாரு. ஊரே நிக்குது."

மலையாண்டிதான் ஊரில் மஞ்சுவிரட்டு நடத்துகிறவர். எந்த மாடு கண்மாய்க்குள் இறங்கலாம், எது கூடாது என்பது அவர் வாக்கு. மூன்று வருஷமும் செவலையனின் அந்தக் காலில் சேறு பூசியே அவர் கண்ணிலிருந்து மறைத்திருந்தார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. காகிதத்தை எடுத்து வைத்திருந்தார். முத்துமீனா மூச்சு வாங்கிக்கொண்டே வலது பக்கப் படங்களைக் காட்டினாள். எஸ்.ஐ. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கன்னுக்குட்டிம்மா. அது காளை. இதுதான் அதுன்னு நான் எப்படி நம்புறது?"

"எங்க வீட்டுலயும் இதே மாதிரி கன்னு கட்டிக்கிடக்கு மேடம். படம் எடுத்துட்டு வரட்டா?" என்றார் விருமாண்டி. அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். லோடு வண்டிக்காரன் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தை நோக்கி நடந்தான்.

முத்துமீனா புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் மரத்தடியைப் பார்த்தாள். வண்டிக்காரன் செவலையனின் கழுத்தில் கயிற்றைப் போட, அவன் கிறக்கத்தில் எதிர்க்காமல் படுத்திருந்தான். யார் கயிறு என்றுகூடத் தெரியாமல் கிடந்தான். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தால் இவனை இழக்க வேண்டியதுதான். அவள் போனை மறுபடி நீட்டினாள்.

"இதப் பாருங்க மேடம். அந்தக் கட்டுக்குள்ள இந்தச் சுழி இருக்கும். மாடு வளந்தாலும் சுழி மாறாது."

"என்ன சுழி?" என்றார் எஸ்.ஐ.

பக்கத்தில் நின்ற ஏட்டு எட்டிப் பார்த்தார். அவரும் மாடு வைத்திருக்கிறவர். முகம் இறுகிவிட்டது. "விலங்கு சுழிங்க மேடம். வச்சிருக்கவன் ஜெயிலுக்குப் போவான்னு சொல்லுவாங்க. தெரிஞ்சு யாரும் வாங்க மாட்டாங்க."

மலையாண்டி அருண்பாண்டியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்துகொண்டான். முத்துமீனா குனியவில்லை.

"விருமாண்டி, உங்க மாட்டுக்கு எந்தக் கால்ல என்ன சுழின்னு சொல்லுங்க" என்றார் எஸ்.ஐ.

"கால்ல சுழியெல்லாம் கிடையாது மேடம். நான் சுழி பாக்காம மாடு வாங்குவனா? சுத்தமான மாடு."

"எழுதிக்கோங்க ஏட்டு. அந்தக் கட்டை அவிழ்த்துப் பாருங்க."

எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள். ஏட்டு குந்தி உட்கார்ந்து கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். வலியில் செவலையன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி முனகினான். முத்துமீனா அவன் திமிலில் கைவைத்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றாள். அந்தச் சுழி காயத்தில் கிழிந்துபோயிருந்தால் என்ன செய்வது என்கிற பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. ஊரிலுள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டாள். எந்தச் சுழி போய்த்தொலையாதா என்று மூன்று வருஷம் வேண்டினாளோ, அந்தச் சுழி இருக்க வேண்டுமே என்று வேண்டினாள்.

கடைசிச் சுற்று பிரிந்தது. காயம் குளம்பை ஒட்டி இருந்தது. அதற்கு ஒரு விரல் மேலே, டாக்டர் கழுவிவிட்டிருந்த சுத்தமான தோலில், காலைச் சுற்றி மயிர் வளையம் போட்டிருந்தது. ஏட்டு போனைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கன்றின் காலும் காளையின் காலும் ஒன்றாக இருந்தன.

விருமாண்டி இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் பார்த்தது சுழியையா, பக்கத்தில் நின்ற போலீஸையா என்று தெரியவில்லை.

"ராத்திரி இருட்டுல எதோ தோப்புக்குள்ள வந்துச்சு மேடம். என் மாடுன்னு நெனச்சுட்டேன். எனக்கு இந்த மாடே வேணாம். அவுகளே ஓட்டிட்டுப் போகட்டும்."

"மாடு போகும். நீங்க உள்ள வாங்க" என்றார் எஸ்.ஐ. "அந்தக் காது எப்படிக் கிழிஞ்சதுன்னு பேசணும்."

ஏட்டு விருமாண்டியின் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப் போனார். எஸ்.ஐ. வாசற்படியில் நின்று ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"வச்சிருக்கவன் ஜெயிலுக்குப் போவான்னு சொல்லுவீங்களாமே. மூணு நாள்தானே அவர் வச்சிருந்தார்?"

யாரும் சிரிக்கவில்லை. மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "இதையா எங்க கண்மாயில எறக்குன?" என்று அருண்பாண்டியிடம் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. அவரோடு வந்த ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மாட்டைத் தூக்கிவிட ஒரு கை கொடுக்கக்கூட ஆள் இல்லை.

இருவருமாகக் கட்டை மறுபடி சுற்றினார்கள். ஊசியின் கிறக்கம் தெளியும்வரை காத்திருந்து, மெல்ல எழுப்பி நிறுத்தினார்கள். செவலையன் முத்துமீனாவின் முந்தானையை முகர்ந்து பார்த்தான். பிறகு மூன்று காலை ஊன்றி, நாலாவது காலை நொண்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். அருண்பாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். முத்துமீனாவுக்கு அழுகையும் பயமுமாக இருந்தது. சொல் மீறிக் காட்டிவிட்டாள். இனி ஊரில் இவனுக்குக் களமில்லை, இவர்களுக்கு முகமில்லை.

"கோவமா மாமா?"

அவன் குனிந்து செவலையனின் கட்டைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது.

"அந்தப் படம் இப்ப ஒன் போன்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"எடமில்லன்னு சொன்னா வேற எத வேணாலும் அழி," என்றான் அருண்பாண்டி. "அத அழிச்சிராத."